அன்டூவில் உள்ள அன் வேறு, அன்ஹேப்பியில் உள்ள அன் வேறு

கணினியில் கன்ட்ரோலையும் இசட்டையும் சேர்த்து அழுத்தினால் கடைசியாகச் செய்த காரியம் கலைந்துவிடும். அந்தக் கட்டளையின் பெயர் அன்டூ. 'அன் என்றால் இல்லை' என்று மனப்பாடம் செய்த மாணவர் இந்தச் சொல்லைப் பிரித்தால் 'செய்யாதே' என்று பொருள் வரும். ஆனால் அன்டூ என்பது 'செய்ததைக் கலை'. அன்லாக் என்றால் பூட்டாமல் விடுவதல்ல, பூட்டியதைத் திறப்பது. அன்ஹேப்பி மட்டும்தான் பட்டியல் சொல்கிறபடி 'மகிழ்ச்சி இல்லாத' என்று நிற்கிறது. எழுத்து ஒன்றாக இருந்தாலும் இவை தோற்றத்தில் வெவ்வேறான இரண்டு முன்னொட்டுகள். காலப்போக்கில் ஒரே வடிவத்துக்கு வந்துவிட்டன.

எது எந்த அன் என்பதை அது ஒட்டியிருக்கும் சொல்லே காட்டிக்கொடுக்கும். கைண்ட், க்ளியர், ஃபேர் போன்ற பெயரடைகளோடு சேர்ந்தால் மறுப்பு. டை, பேக், ஃபோல்ட் போன்ற வினைகளோடு சேர்ந்தால் நடந்ததைத் திருப்புவது. அதிலும் எல்லா வினையோடும் சேராது. பழைய நிலைக்குக் கொண்டுவர முடிகிற செயலாக இருக்க வேண்டும். முடிச்சை அவிழ்க்கலாம், மடித்ததை விரிக்கலாம், அதனால் அன்டையும் அன்ஃபோல்டும் உண்டு. சாப்பிட்டதை மீட்க முடியாது, அதனால் ஈட் என்ற வினைக்கு அன் சேராது.

இந்த இரண்டு அன்னும் ஒரே சொல்லில் மோதிக்கொள்ளும் இடம் அன்லாக்கபிள். லாக்கபிள் என்று முதலில் சேர்த்துவிட்டுப் பிறகு அன் ஒட்டினால் 'பூட்டவே முடியாத கதவு'. அன்லாக் என்று முதலில் சேர்த்துவிட்டுப் பிறகு ஏபிள் ஒட்டினால் 'திறக்க முடிகிற பூட்டு'. எழுத்துகள் அதே, வரிசை அதே, பொருள் எதிரெதிர். ஒட்டுகளைப் பட்டியலாகப் படிப்பதில் உள்ள குறை இதுதான். ஒவ்வொரு ஒட்டுக்கும் பொருள் மட்டுமல்ல, எதோடு சேரும், எந்த அடுக்கில் சேரும் என்ற விதியும் உண்டு. பத்தாம் வகுப்பு வினாத்தாளில் ஒரு மதிப்பெண்ணுக்கு முன்னொட்டு சேர்க்கச் சொல்லும்போது சோதிக்கப்படுவதும் அந்த இரண்டாவது செய்திதான்.

அன்னா, இன்னா?

மாணவர்கள் அதிகம் தடுமாறுவது அன்னுக்கும் இன்னுக்கும் இடையில். அன் ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கு. இன் லத்தீனிலிருந்து, பெரும்பாலும் பிரெஞ்சு வழியாக, முழுச் சொற்களோடு சேர்ந்து வந்தது. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரசாங்கம், சட்டம், சமயம் சார்ந்த சொற்கள் பெருமளவில் இப்படிக் குடியேறின. அதனால் இன் பழைய சொத்து, புதிதாக யாரும் அதைக் கொண்டு சொல் உருவாக்குவது அரிது. அன் இன்றும் உயிரோடு வேலை செய்கிறது. ஃபிரெண்ட் பட்டியலிலிருந்து நீக்குவதற்கு அன்ஃபிரெண்ட் என்று சொல் தேவைப்பட்டபோது ஆங்கிலம் எடுத்துக்கொண்டது அன்னைத்தான்.

இதிலிருந்து கைக்கு உதவும் இரண்டு விதிகள் கிடைக்கின்றன. ஈடி அல்லது ஐஎன்ஜி என்று முடியும் பெயரடைக்கு அன் போடுங்கள்: இன்கம்ப்ளீட், ஆனால் அன்ஃபினிஷ்ட்; இன்டைஜெஸ்டிபிள், ஆனால் அன்டைஜெஸ்டட். ஐடிஒய் என்று முடியும் பெயர்ச்சொல்லுக்குப் பெரும்பாலும் இன்: அன்ஏபிள், ஆனால் இன்எபிலிட்டி, அன்ஈக்வல், ஆனால் இன்ஈக்வாலிட்டி, அன்ஸ்டேபிள், ஆனால் இன்ஸ்டெபிலிட்டி. நீண்ட பெயர்ச்சொல் லத்தீன் வடிவத்திலேயே வந்து சேர்ந்ததால் அது பழைய முன்னொட்டைக் கைவிடவில்லை. 'அன்எபிலிட்டி' என்று எழுதுவது நம்மிடையே அடிக்கடி நேரும் பிழை.

இன் தனக்கு அடுத்து வரும் ஒலியைப் பார்த்து உருமாறும். பி, எம் ஆகிய உதட்டொலிகளுக்கு முன் இம் ஆகும்: இம்பாசிபிள், இம்பேலன்ஸ், இம்மெச்சூர். எல்லுக்கு முன் இல்: இல்லீகல். ஆருக்கு முன் இர்: இர்ரெகுலர். இதை விதிவிலக்கு என்று மனப்பாடம் செய்யத் தேவையில்லை. உதட்டை மூடப் போகிற வாய் அதற்கு முந்தைய ஒலியையும் உதட்டிலேயே முடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். மரம், கள் இரண்டும் சேர்ந்தால் மரங்கள் ஆவதும், சம்மும் தோஷமும் சேர்ந்தால் சந்தோஷம் ஆவதும் அதே சோம்பல்தான். 'உடன்' என்ற பொருளுள்ள காம் என்ற முன்னொட்டும் இப்படித்தான் கம்பைன், கலெக்ட், கனெக்ட், கரெக்ட் என்று நான்கு முகம் காட்டுகிறது.

ஒரு ஆபத்தும் இங்கே இருக்கிறது. லத்தீனில் 'உள்ளே' என்ற பொருளுடைய இன்னொரு இன் உண்டு. பெட்ரோல் டேங்கர் லாரிகளின் முதுகில் எழுதியிருக்கும் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்பதில் இருப்பது இந்த இன். தீப்பிடிக்கக்கூடியது என்பதே அதன் பொருள். மறுப்பு இன் என்று நினைத்துப் படித்தால் 'தீப்பிடிக்காதது' என்று ஆகிவிடும். இந்தக் குழப்பம் உயிரை வாங்கும் என்பதால் 1920-களிலேயே அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 'ஃப்ளேமபிள்' என்று எழுதும்படி வற்புறுத்தத் தொடங்கியது. ஃப்ளேமபிள், இன்ஃப்ளேமபிள் இரண்டும் ஒன்றுதான். எதிர்ச்சொல் நான்-ஃப்ளேமபிள். இன்வேல்யுவபிள் என்ற சொல்லும் பலரை ஏமாற்றும். அங்கே இருப்பது மறுப்பு இன்தான், ஆனால் மறுக்கப்படுவது மதிப்பல்ல, மதிப்பிடும் செயல். தமிழில் 'விலைமதிப்பற்ற' என்கிறோமே, அச்சு அசலாக அதேதான். மதிப்பில்லாத பொருளுக்கு வர்த்லெஸ் அல்லது வேல்யூலெஸ்.

மற்ற மறுப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நான் என்பது வகைப்படுத்தும் மறுப்பு, அதில் பழியில்லை. நான்-ஹியூமன் என்றால் மனிதரல்லாத உயிர் அல்லது பொருள். இன்ஹியூமன் என்றால் ஈவிரக்கமற்ற. மிஸ் என்றால் தவறாக: மிஸ்யூஸ், மிஸ்அண்டர்ஸ்டாண்ட். டிஸ் என்பதன் வேர்ப்பொருள் விலகல்: டிஸ்கனெக்ட், டிஸ்அக்ரீ. அன்இன்ட்ரஸ்டட் என்றால் ஆர்வமில்லாதவர், டிஸ்இன்ட்ரஸ்டட் என்றால் தனக்கு லாப நஷ்டம் எதுவும் இல்லாததால் நடுநிலையானவர். நீதிபதி இரண்டாவது வகையாக இருக்க வேண்டும், முதல் வகையாக இருக்கக் கூடாது.

உபரியும் உபநதியும்

1786 பிப்ரவரி 2 அன்று கல்கத்தாவில் ஆசியச் சங்கத்தின் கூட்டத்தில் பேசிய நீதிபதி வில்லியம் ஜோன்ஸ், சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே ஊற்றிலிருந்து கிளைத்திருக்க வேண்டும் என்றார். தமிழ் அந்தக் குடும்பத்தில் இல்லை. தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்பதை 1816-இல் சென்னையில் ஆட்சியராக இருந்த ஆங்கிலேயர் எல்லிஸ் எடுத்துக்காட்டினார். ஆனாலும் தமிழில் வந்து கலந்த வடசொற்களின் தலையில் ஒட்டியிருக்கும் துண்டுகள், ஆங்கிலம் கடன் வாங்கிய கிரேக்க, லத்தீன் முன்னொட்டுகளுக்கு உடன்பிறப்புகள். இதைத் தெரிந்துகொண்டால் பாதி பட்டியலைப் படிக்கவே வேண்டாம்.

சைவம், அசைவம், சுத்தம், அசுத்தம். இந்த அகரமும் கிரேக்க மறுப்பு முன்னொட்டும் லத்தீன் இன்னும் ஆங்கிலத்தின் மறுப்பு அன்னும் ஒரே வேர். உயிரொலிக்கு முன்னால் அகரம் அன் ஆகும் என்ற விதிகூட சமஸ்கிருதத்துக்கும் கிரேக்கத்துக்கும் ஒன்றே. அர்த்தம் அனர்த்தமாகிறது, ஆரோக்கியம் அனாரோக்கியமாகிறது. கிரேக்க வழியில் வந்த அனார்க்கியிலும் அனீமியாவிலும் அதே ஒலிமாற்றத்தைக் காணலாம்.

துர்நாற்றத்தில் உள்ள துர், கிரேக்கத்தில் டிஸ். டிஸ்லெக்சியா, டிஸ்பங்ஷன், டிஸன்ட்ரி எல்லாம் 'கெட்ட, கோளாறான' என்ற பொருளில் தொடங்குகின்றன. தமிழ் எழுத்தில் இதுவும் மேலே சொன்ன விலகல் டிஸ்ஸும் ஒன்றுபோல் தெரியும். ஆங்கில எழுத்தில் கோளாறு டிஸ்ஸுக்கு நடுவில் ஒய், விலகல் டிஸ்ஸுக்கு நடுவில் ஐ. மருத்துவச் சொல்லாக இருந்து, உறுப்போ திறனோ சரியாக இயங்கவில்லை என்று சொன்னால் ஒய் போடுவதே பெரும்பாலும் சரியாக இருக்கும். டிஸீஸும் டிஸெபிலிட்டியும் ஐ உடையவை, அவற்றைத் தனியாக நினைவில் வைக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பயனுள்ளது ஹைப்பரும் ஹைப்போவும். ஒரே ஒரு ஒலி மாறினால் பொருள் தலைகீழாகும் ஜோடி இது. அணை நிரம்பினால் 'உபரி நீர் திறப்பு' என்று செய்தி வருகிறது. அந்த உபரிதான் கிரேக்கத்தில் ஹைப்பர், லத்தீனில் சூப்பர்: மேலே, மிகுதியாக. உபநதி, உபதலைவர் ஆகியவற்றில் உள்ள உப, கிரேக்கத்தில் ஹைப்போ, லத்தீனில் சப்: கீழே, அடுத்த நிலையில். உபரி என்றால் ஹைப்பர், உப என்றால் ஹைப்போ என்று ஒருமுறை பதிந்துவிட்டால் பிறகு மறக்காது.

லேப் ரிப்போர்ட்டைப் பிரித்துப் படிக்க

மருத்துவச் சொற்களைப் பின்னாலிருந்து முன்னால் படிக்க வேண்டும். ஹைப்போகிளைசீமியாவை எடுத்துக்கொள்வோம். கடைசித் துண்டு ஈமியா, இரத்தத்தில். முதல் துண்டு ஹைப்போ, குறைவாக. நடுவில் கிளைஸ், சர்க்கரை. இரத்தத்தில் சர்க்கரை குறைந்த நிலை, அதாவது டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போவது. ஹைப்பர்கிளைசீமியா இதற்கு நேர் எதிர். ஒன்றுக்கு உடனே சர்க்கரை கொடுக்க வேண்டும், மற்றொன்றுக்குக் கொடுக்கக் கூடாது. தொலைபேசியில் யாராவது இந்தச் சொற்களைச் சொன்னால் 'லோவா, ஹையா' என்று திருப்பிக் கேட்டுவிடுவது நல்லது.

தைராய்டு ரிப்போர்ட்டில் ஒரு குழப்பம் வழக்கமாக நேரும். டிஎஸ்எச் அளவு வரம்புக்கு மேலே இருக்கிறது, மருத்துவரோ ஹைப்போதைராய்டு என்று எழுதுகிறார். அளவு கூடியிருக்க, குறைவு என்று சொல்வது எப்படி? முன்னொட்டு ஒட்டியிருப்பது தைராய்டு என்ற சொல்லோடு, டிஎஸ்எச்சோடு அல்ல. டிஎஸ்எச் என்பது தைராய்டைத் தூண்டுவதற்காக மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன். தைராய்டு மந்தமாக வேலை செய்தால் பிட்யூட்டரி மேலும் மேலும் தூண்டும், டிஎஸ்எச் ஏறும். ஒட்டு எதோடு சேர்ந்திருக்கிறது என்று பார்த்தாலே இந்தக் குழப்பம் வராது.

அறுவை சிகிச்சைப் பெயர்களில் மூன்று பின்னொட்டுகள் ஒலியில் நெருங்கியவை. எக்டமி என்றால் வெட்டி எடுத்துவிடுவது: அப்பென்டெக்டமியில் குடல்வாலும் ஹிஸ்டரெக்டமியில் கருப்பையும் அகற்றப்படுகின்றன. ஆட்டமி என்றால் கீறித் திறப்பது மட்டும்: லேப்ரட்டமியில் வயிறு திறக்கப்படுகிறது. ஆஸ்டமி என்றால் ஒரு வாயை உண்டாக்கி வைப்பது: கொலாஸ்டமியில் பெருங்குடலுக்கு வயிற்றின் மேல் வழி வைக்கப்படுகிறது. சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் இந்த மூன்றில் எது என்று பார்த்துக்கொண்டால், உறுப்பு போகிறதா இருக்கிறதா என்பதாவது தெரிந்துவிடும்.

ஐட்டிஸ் என்றால் அழற்சி: டான்சிலைட்டிஸ், கேஸ்ட்ரைட்டிஸ், ஆர்த்ரைட்டிஸ். அழற்சி வேறு, கிருமித்தொற்று வேறு. மூட்டு தேய்ந்தும் ஆர்த்ரைட்டிஸ் வரும், அதற்கு ஆன்டிபயாடிக் உதவாது. ஓமா என்றால் பொதுவாகக் கட்டி, ஆனால் அச்சத்தோடு படிக்க வேண்டிய ஒட்டு அல்ல. கார்சினோமா புற்றுநோய். லிப்போமா தீங்கற்ற கொழுப்புக் கட்டி. ஹீமட்டோமா திசுக்குள் தேங்கிய இரத்தம். கிளாக்கோமாவில் கட்டியே கிடையாது, அது கண் நரம்பைப் பாதிக்கும் நோய்.

கர்ப்பிணிகள் போகும் பிரிவின் பெயரில் உள்ள ஆன்டிநேட்டல் பலருக்கு 'எதிர்ப்பு' போலக் கேட்கும். அங்கே எழுத்து ஏ-என்-டி-ஈ, பொருள் 'முன்': பேறுகாலத்துக்கு முன். முற்பகலைக் குறிக்கும் ஏ.எம்.மில் உள்ள ஏ-யும் அதே லத்தீன் சொல்தான். எதிர்ப்பு ஆன்டியின் கடைசி எழுத்து ஐ.

பின்னொட்டு: அடுக்கும் முறை

முன்னொட்டு பொருளை மாற்றும், சொல்லின் வகையை அவ்வளவாக மாற்றாது. பின்னொட்டு வகையையே மாற்றிவிடும். தமிழ் முழுக்க முழுக்கப் பின்னால் அடுக்குகிற மொழி என்பதால் நமக்கு இது இயல்பாகப் புரிய வேண்டும். 2016 நவம்பர் 8 இரவு எல்லோர் வாயிலும் புகுந்த டீமானிடைசேஷன் என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே இருப்பது பணம் என்று பொருள்தரும் மானிட். ரோமில் ஜூனோ மொனேட்டா கோயிலில் நாணயம் அச்சிட்டதால் வந்த சொல். அதோடு 'ஆக்கு' என்ற ஐஸ் சேர்ந்து வினையாகிறது. டீ சேர்ந்து அந்தச் செயலைத் திருப்புகிறது. கடைசியில் ஏஷன் சேர்ந்து பெயர்ச்சொல்லாகிறது. தமிழில் 'பணமதிப்பு நீக்கம்' என்கிறோம். ஆங்கிலம் தலையில் வைத்த நீக்கத்தைத் தமிழ் வாலில் வைத்திருக்கிறது.

பெயர்ச்சொல்லாக்கும் நெஸ் ஏறக்குறைய எந்தப் பெயரடையோடும் சேரும், அடிச்சொல்லைத் தொந்தரவு செய்யாது: கைண்ட்னெஸ், டார்க்னெஸ். லத்தீன் வழி வந்த இட்டி, ஷன், இக் மூன்றும் அப்படியல்ல. அவை தமக்கு முந்தைய அசைக்கு அழுத்தத்தை இழுத்துவிடும். ஃபோட்டோகிராஃபில் அழுத்தம் முதல் அசையில், ஃபோட்டோகிராஃபிக்கில் மூன்றாவது அசையில். எலக்ட்ரிக்கின் ககர ஒலி எலக்ட்ரிசிட்டியில் சகரமாகிறது. தமிழில் சொல்லழுத்தம் பொருளை மாற்றுவதில்லை என்பதால் நாம் எல்லா அசையையும் ஒரே கனத்தில் சொல்லிவிடுகிறோம். வெளிநாட்டவர் 'என்ன?' என்று திரும்பக் கேட்பதற்கு உச்சரிப்பைவிட இது பெரிய காரணம்.

எர் அல்லது ஆர் செய்பவர், ஈ அந்தச் செயலைப் பெறுபவர்: எம்ப்ளாயர் வேலை தருபவர், எம்ப்ளாயீ வேலை பெறுபவர். பத்திரங்களில் கவனம் தேவை. லெஸர் என்றால் வீட்டைக் குத்தகைக்கு விடும் உரிமையாளர், லெஸீ என்றால் குடியிருப்பவர். மார்ட்கேஜில் நம் ஊகத்துக்கு மாறாகத் தோன்றும். கடன் வாங்கியவர்தான் மார்ட்கேஜர், வங்கி மார்ட்கேஜீ. ஏனென்றால் இங்கே கொடுக்கப்படும் பொருள் பணமல்ல, அடமானம். அதைக் கொடுப்பவர் கடனாளி.

எழுத்துப்பிழைகளில் பெரும்பங்கு ஒட்டும் இடத்தில்தான் விழுகிறது. முன்னொட்டு சேரும்போது எழுத்து கூடுவதோ குறைவதோ இல்லை. டிஸ்ஸும் சாட்டிஸ்ஃபைடும் சேர்ந்தால் எஸ் இரண்டு, டிஸ்ஸும் அப்பியரும் சேர்ந்தால் எஸ் ஒன்று. மிஸ்ஸும் ஸ்பெல்லும் சேர்ந்தால் இரண்டு. பின்னொட்டு அப்படிப்பட்டதல்ல. அடிச்சொல் ஒலிக்காத ஈ-யில் முடிந்து, பின்னொட்டு உயிரெழுத்தில் தொடங்கினால் ஈ விழும்: லவ், லவபிள். மெய்யெழுத்தில் தொடங்கினால் ஈ நிற்கும்: யூஸ், யூஸ்ஃபுல். மேனேஜபிள், நோட்டிஸபிள் இரண்டிலும் விழாது. ஈ போய்விட்டால் ஜி-யும் சி-யும் ஏ-க்கு முன் வந்து கடினமாக ஒலிக்கும் என்பதால் காவலுக்கு ஈ நிற்கிறது. ஃபுல் என்ற தனிச்சொல்லுக்கு எல் இரண்டு, பின்னொட்டானால் ஒன்றே ஒன்று.

ஏபிளா, ஐபிளா என்ற சந்தேகத்துக்கு ஒரு சோதனை. பின்னொட்டை எடுத்துவிட்டால் முழு ஆங்கிலச் சொல் மிஞ்சுகிறதா? ரீடபிளில் ரீட் மிஞ்சுகிறது, ஆகவே ஏ. விசிபிளிலும் எடிபிளிலும் தனித்து நிற்கும் சொல் மிஞ்சவில்லை, ஆகவே ஐ. சென்சிபிள், ஃப்ளெக்ஸிபிள், அக்சஸிபிள் இதற்கு அடங்காதவை. சந்தேகம் தீராவிட்டால் ஏ போடுங்கள், புதிதாக உருவாகும் சொற்கள் எல்லாம் ஏ பக்கமே.

ரீ என்பதற்குப் பின் சிறு கோடு போடுவது பல சமயம் விருப்பம், சில சமயம் கட்டாயம். கோடில்லாமல் எழுதினால் ரிசைன், பதவி விலகுவது. கோடு போட்டால் ரீ-சைன், மறுபடி கையெழுத்திடுவது. ஒப்பந்தம் புதுப்பித்ததைச் சொல்லும் மின்னஞ்சலில் கோடு விடுபட்டால் விலகல் கடிதமாகிவிடும்.

எல்லாத் தெளிவும் கிடைத்த பிறகும் கைவிட வேண்டிய முன்னொட்டு ஒன்று உண்டு: காலத்தைக் குறிக்கும் சொற்களோடு வரும் பை. பைசைக்கிளில் அது இரண்டு சக்கரம், எந்தச் சிக்கலும் இல்லை. பைவீக்லி என்றால் வாரம் இருமுறையா, இரண்டு வாரத்துக்கு ஒருமுறையா? அகராதிகள் இரண்டு பொருளையும் தருகின்றன. பைமன்த்லியும் அப்படியே. மருந்துச் சீட்டிலோ தவணை ஒப்பந்தத்திலோ கூட்ட அறிவிப்பிலோ இந்தச் சொற்களை எழுத வேண்டாம். 'ட்வைஸ் எ வீக்' அல்லது 'எவ்ரி டூ வீக்ஸ்' என்று விரித்தே எழுதுங்கள். அடுத்தவர் எழுதியிருந்தால் அடுத்த இரண்டு தேதிகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.